டீச்சர், முதல்ல நீங்க வாசிங்க

ஜனவரி 13, செவ்வாய்

கீபோர்டில் ஒரு கட்டை அமுக்கினால் உள்ளே போய் அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. மதிய இடைவேளையில் டாக்டரம்மா, பிள்ளைகள் காதில் போட்டுக்கொள்ளும் பாசிமணியை எடுக்கிற இடுக்கியோடு வந்து நோண்டி, ஒரு உடைந்த பென்சில் முனையை வெளியே எடுத்துப் போட்டார். "பேஷண்ட் பொழச்சிட்டாரு" என்றார். அவருடைய ஆறு வயது மகள் பக்கத்தில் நின்று, "யாரு உள்ள போட்டா? ஏன் போட்டா? போடும்போது டீச்சர் எங்க இருந்தாங்க?" என்று அடுக்கினாள். இவளுக்கு நான் கேள்விக்குறி என்று பெயர் வைத்திருக்கிறேன். மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை.

வகுப்பறை என்பது ஆராதனை மண்டபத்துக்குப் பின்னால் நாற்காலி அடுக்கி வைத்திருந்த அறை. ஒரு ஜன்னல். அதற்கு வெளியே டாக்டரம்மாவின் மருத்துவமனைப் பின்சுவர், தண்ணீர்த் தொட்டி, கொடியில் எந்நேரமும் காயும் வெள்ளைத் துணி. காலையில் தமிழ், கணக்கு, ஆங்கிலம். மதியத்துக்கு மேல் பாட்டும் கீபோர்டும். மாணவர்கள் மொத்தமே மூன்று பேர். கேள்விக்குறியும், மிஷனரி ஐயாவின் இரண்டு பெண்களும். பெரியவளுக்குப் பன்னிரண்டு, சின்னவளுக்கு ஜூன் வந்தால் பத்து.

மிஷனில் ஒரு சட்டம் உண்டு. பிள்ளைகளுக்குப் பத்து வயதானால் விடுதிப் பள்ளி. அது இன்னொரு நாட்டில் இருக்கிறது, விமானத்தில் போக வேண்டும். தங்கையை விட்டுப் போகமாட்டேன் என்று பெரியவள் அழுது, கெஞ்சி, தங்கைக்குப் பத்து வயது ஆகும்வரை இருக்க அனுமதி வாங்கியிருக்கிறாள். மே மாதம் பள்ளியின் முதல்வர் நேரில் வந்து இருவரையும் பார்ப்பார். ஜூலையில் இருவரும் சேர்ந்து போவார்கள். என் ஒப்பந்தமும் ஜூலையோடு முடிகிறது. நல்ல ஏற்பாடு. யாரும் யாரையும் விட்டுப் போனதாக ஆகாது.

ஜனவரி 18, ஞாயிறு

இங்கே பிழைக்க வந்த நம்மவர்களுக்காக ஞாயிறு காலையில் தமிழ் ஆராதனை. இன்று வேத வாசிப்பு சின்னவள். மைக் எட்டாது என்று பலகை போட்டு ஏற்றினார்கள். பெரியவள் பக்கத்தில் நின்று மைக்கைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி இருக்கும் இடத்தில் இன்னொருத்தி ஒட்டிக்கொண்டிருப்பாள், அது தெரிந்த கதை.

ஒரு முழு அத்தியாயம். தடங்கல் இல்லை. மூச்சு வாங்குகிற இடம்கூடத் தப்பவில்லை. ஐயாவின் உதடும் மகளோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தது. பிறகு அவர் பிரசங்கம். கையில் துண்டுத் தாள் கிடையாது. ஒரு மணி நேரம் பேசுவார், ஒரு வசனம் பிசகாது. இந்த நாட்டு மொழியைக்கூட வந்த சில மாதங்களில் காதாலேயே பிடித்துக்கொண்டாராம். எனக்குப் பால் வாங்குகிற அளவுக்குத்தான் வருகிறது, அதிலும் பால்காரர் சிரிக்கிறார்.

தேநீரின்போது ஒரு டிரைவர், "பாப்பா ரேடியோ நியூஸ் மாதிரி வாசிக்குதே ஐயா" என்றார். ஐயாவுக்குப் பெருமையில் முகம் கொள்ளவில்லை. "தாள்ல இருக்கிறது தாளோட போயிடும். மனசுல இருக்கணும். எங்க வீட்டுல வசனம் சொல்லிட்டுத்தான் தட்டுல கை வைக்கணும்" என்றார். "சொல்லலைன்னா சோறு ஆறிடும். அந்தப் பயத்துலயே மனப்பாடம் ஆயிடும்" என்று அவர் மனைவி சிரித்தார். அந்த அம்மாளுக்கு ஐயாவைக் கிண்டல் செய்ய ஒரு வாய்ப்பு போதும்.

வாசிக்கச் சொல்லிக்கொடுத்த டீச்சர் என்று எனக்கும் இரண்டு பேர் வணக்கம் வைத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

ஜனவரி 30, வெள்ளி

மழை. வகுப்பு வழக்கம்போல். எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

தம்பி போன் செய்தான். "அக்கா, ஜூலைல வந்துடுவேல்ல? மாடி ரூம உனக்குன்னு ஒழிச்சு வெச்சிருக்கோம்" என்றான். அவன் மனைவி பின்னாலிருந்து, "பசங்களுக்கு ஒரு ட்யூஷன் டீச்சரும் கிடைச்ச மாதிரி" என்றாள். ஒளிவுமறைவு இல்லாத பெண். ஊரில் இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் கத்திவிட்டு, தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்றுதான் மூன்று பிள்ளைகள் உள்ள இந்த வேலைக்கு வந்தேன். வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

பிள்ளைகள் மேல் எனக்குத் தனிப் பாசம் எதுவும் கிடையாது. நன்றாகச் சொல்லிக்கொடுப்பேன். அதோடு சரி.

இன்று ஒரு நல்ல விஷயம். கேள்விக்குறி ஒரு சொல்லைக் காட்டி, "இது என்ன அக்கா?" என்று சின்னவளிடம் கேட்டாள். "நீயே கண்டுபிடி. நான் சொன்னா உனக்கு எப்ப வரும்?" என்றாள் சின்னவள். ஆசிரியர் குணம் இருக்கிறது என்று அவளைப் பாராட்டினேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

பெரியவளுக்குக் காய்ச்சல், வரவில்லை. சின்னவளுக்குப் புதிய பாடம். ஒரு அணிவகுப்பு மெட்டு, இரண்டு பக்க இசை நோட்ஸ். தாங்கியில் தாளை வைத்துவிட்டு, பார்த்துக்கொண்டிரு என்று சொல்லி, கணக்கு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். வழக்கமாக நான் ஒருமுறை வாசித்துக் காட்டிய பிறகுதான் பிள்ளைகள் வாசிப்பார்கள். இன்று கட்டைவிரலில் கத்தி பட்டுக் கட்டுப் போட்டிருக்கிறது.

சின்னவள் போன வாரத்துத் தாலாட்டு மெட்டை வாசிக்க ஆரம்பித்தாள். கை பழகுகிறாள் என்று விட்டுவிட்டேன். நன்றாகத்தான் வாசித்தாள். நடுவில் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். தாளையே பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். கண் வரி வரியாக இறங்கியது. தாங்கியில் இருந்தது அணிவகுப்பு மெட்டு.

எழுந்து பின்னால் போய் நின்றேன். தாலாட்டின் முதல் பக்கம் எங்கே முடியுமோ அங்கே தாளைப் புரட்டியிருக்கிறாள். கடைசிக் கட்டையை மெல்ல விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள், பாராட்டுக்காக.

"இது என்ன பாட்டு?" என்றேன்.

"நீங்க வெச்ச பாட்டுதான் டீச்சர்."

பிப்ரவரி 25, புதன்

நோட்ஸ் தெரியாவிட்டால் என்ன, காது இருக்கிறது, அது பெரிய குற்றமா என்று நேற்று ராத்திரி எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு படுத்தேன். காலையில் மனம் கேட்கவில்லை. தமிழ்ப் புத்தகத்தில் இன்னும் நடத்தாத பாடத்தைப் பிரித்து வைத்து, வாசி என்றேன்.

"டீச்சர், முதல்ல நீங்க வாசிங்க."

"இன்னைக்கு நீ."

"அக்கா வரட்டும்."

"அக்காவுக்குக் காய்ச்சல். நீ வாசி."

தண்ணீர் குடிக்கப் போனாள். வந்தாள். பென்சில் சீவினாள். பிறகு படத்தைப் பார்த்தாள். ஒரு கிணறு, ஒரு மரம், ஏதோ ஒரு விலங்கு. மூச்சை இழுத்துக்கொண்டு வாசித்தாள். தாகத்தோடு வந்த நரி கிணற்றுக்குள் நிலாவைப் பார்த்து, அதை வெண்ணெய் என்று நினைத்துக்கொண்டதாம். இறக்கம், ஏற்றம், முற்றுப்புள்ளியில் நிறுத்தம் எல்லாம் உண்டு. விரல் வேறு வரிமேல் ஊர்ந்தது. பாடநூல்காரர் எழுதியதைவிட நன்றாக இருந்தது. புத்தகத்தில் இருந்தது நீர் சேமிப்பு பற்றிய கட்டுரை.

கேள்விக்குறி தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள். "நரி எங்க இருக்கு? இங்க 'மழை'ன்னுதான போட்டிருக்கு?"

சின்னவள் புத்தகத்தை மூடினாள். அழவில்லை. மூடிய புத்தகத்தின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்படியென்றால் ஞாயிறு வாசிப்பு? அந்த அத்தியாயம்? எல்லாம் கேட்டுப் பிடித்தது. ஆறு மாதமாக நான் என்ன பார்த்துக்கொண்டிருந்தேன்? முதலில் நான் வாசிப்பேன், அப்புறம் பெரியவள், அப்புறம் சின்னவள். இந்த வரிசையை வகுத்தவளே நான்தான். இரண்டு தடவை காதில் விழுந்தால் போதும் அந்தப் பிள்ளைக்கு. சொல்வதை எழுது என்றால் அக்காவின் நோட்டைப் பார்த்துப் படம் வரைவதுபோல் வரைந்திருக்கிறாள். அழகான கையெழுத்து என்று நட்சத்திரம் வேறு போட்டிருக்கிறேன். இருபது வருட அனுபவமாம், எடுத்து அடுப்பில போட.

பிப்ரவரி 27, வெள்ளி

பெரியவள் வந்துவிட்டாள். தங்கை சொல்லியிருப்பாள் போல. மதியம் மற்றவர்கள் போன பிறகும் நாற்காலியை ஒழுங்குபடுத்துகிற சாக்கில் நின்றாள்.

"அப்பாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"நீ எத்தனை நாளா செய்யுற இத?"

"அவ ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து. ராத்திரி போர்வைக்குள்ள டார்ச் வெச்சு வாசிச்சுக் காட்டுவேன். அவ கேட்டு வெச்சுக்குவா. சபையில எங்கயாவது விட்டுட்டா நான் பக்கத்துல மெதுவா எடுத்துக் குடுப்பேன். அதுக்குத்தான் மைக் புடிக்கிறது."

கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னாள். பிறகு முகம் மாறியது. "சொல்லாதீங்க டீச்சர். தெரிஞ்சா என்னை மட்டும் அனுப்பிடுவாங்க. அங்க போனாலும் நான் பாத்துக்குவேன். ஒரே விடுதிதானே."

ஒரே விடுதி. ஆனால் வேறு வேறு வகுப்பு. அதைச் சொன்னேன். அவளுக்கும் அது தெரியாமல் இல்லை.

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. இப்போதைக்குச் சொல்லவில்லை என்றேன். மே மாதத்துக்குள் வாசிக்க வைத்துவிடலாம் என்று ஒரு துணிச்சல். அவள் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு ஓடினாள். எனக்கு இதெல்லாம் பழக்கமில்லை.

மார்ச் 6, வெள்ளி

டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னேன். வழக்கமான பரிசோதனை என்று சின்னவளைக் கூப்பிட்டுக் கண்ணைப் பார்த்தார். "கண்ணு கண்ணாடி மாதிரி இருக்கு. இது எழுத்த சேத்துப் படிக்கிறதுல வர்ற சிக்கல். கெட்டிக்காரப் பிள்ளைங்களுக்கும் வரும். அடிச்சா வராது, திட்டினா வராது. மெதுவா, தினமும் செஞ்சா வரும்" என்றார். எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். "வருஷக்கணக்குல யோசிங்க" என்றார்.

என்னிடம் இருப்பது மே வரை.

மார்ச் 12, வியாழன்

தனி எழுத்துகள் தெரிகின்றன. சேர்த்தால் கலைந்து போகின்றன. இன்று 'கெ' எழுதிக் காட்டினேன். வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொம்பு முன்னாடி நிக்குது. ஆனா அதோட சத்தம் பின்னாடி வருது. ஏன் டீச்சர்?"

இத்தனை வருடத்தில் இதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. அது அப்படித்தான் என்றேன். "அப்ப எழுத்து மேலதான் தப்பு" என்றாள். இருக்கலாம்.

மார்ச் 17, செவ்வாய்

கீபோர்டிலும் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிட்டேன். நோட்ஸைப் பார்த்து அவளே ஒவ்வொரு கட்டையாகத் தேடட்டும்.

"முதல்ல நீங்க வாசிங்க."

"மாட்டேன்."

"ஒரே ஒரு தடவ."

"ஒரு தடவ வாசிச்சா உனக்கு முழுசும் வந்துடும். அதான் மாட்டேன்."

என்னை அவளுக்குப் பிடிக்காமல் போய்விட்டது. வகுப்பு முடிந்ததும் ஓடி வந்து பையைத் தூக்கித் தருகிற பிள்ளை, இப்போது கதவைத் தள்ளிக்கொண்டு போகிறாள்.

மார்ச் 22, ஞாயிறு

ஆராதனையில் சின்னவள் வாசித்த புதிய பாட்டு இழுத்துக்கொண்டு கிடந்தது. சபையார் பாதி வரி முன்னால் போய்விட்டார்கள், கீபோர்டு பின்னால் ஓடியது. முடிந்ததும் ஐயா என்னிடம் வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். நீங்க சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சா பிள்ளைங்க முன்னேறும்னு பார்த்தேன். இவ நல்லா வாசிச்சிட்டு இருந்தவ" என்றார். அதற்கு மேல் சொல்ல அவருக்கும் மனமில்லை.

கொஞ்சம் பொறுங்க ஐயா என்று சொல்லி வைத்தேன். பெரியவள் தூரத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

சின்னச் சொற்கள் வருகின்றன. மரம், படம், கடல். இரண்டு சொல் சேர்ந்தால் நிற்கிறாள். நின்றதும் பெரியவளின் வாய் திறக்கிறது. பெரியவளை வெளியே உட்கார வைத்தேன், ஜன்னல் பக்கம் வந்து நின்று முணுமுணுத்தாள். வெளியே போய்க் கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது.

மே மாதத்துக்குள் முடியாது. இது ஒரு வாரமாகவே தெரியும், இன்றுதான் எழுதுகிறேன். இப்படியே அனுப்பினால் அங்கே முதல் நாளே தெரிந்துவிடும். முன்பின் தெரியாத வகுப்பில், சிரிக்கிற பிள்ளைகளுக்கு நடுவில், அக்காவும் இல்லாமல். முதல்வரை ஏமாற்றி அனுப்புவது ஒன்றும் கஷ்டமில்லை. எந்தப் பக்கம் கேட்பார் என்று ஊகித்து நான்கு பக்கங்களை வாசித்துக் காட்டினால் போதும். அதுதான் பயமாக இருக்கிறது.

சாயங்காலம் ஐயா வீட்டுச் சமையலறைக்குப் போய்ப் பிள்ளைகளின் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே பாத்திரம் துலக்கினார். துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினார். எப்போதும் எதற்காவது ஒரு கிண்டல் வைத்திருக்கிறவர். "ஐயாகிட்ட நானே சொல்றேன்" என்றார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 11, சனி

அம்மா ஐயாவிடம் சொல்லிவிட்டார் போல. வீட்டில் எல்லோரும் எல்லோரிடமும் அளவுக்கு மீறி மரியாதையாக நடந்துகொள்கிறார்கள்.

ஏப்ரல் 16, வியாழன்

பிள்ளைகள் போன பிறகு ஐயா வகுப்பறைக்கு வந்தார். கேள்விக்குறியின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் மார்பு வரை வந்தது. வேறு நாற்காலி காட்டினேன், இருக்கட்டும் என்றார்.

"எனக்கும் அப்படித்தான் டீச்சர்."

புரியாமல் பார்த்தேன்.

"வாசிக்க வராது. சுத்தமா வராதுன்னு இல்ல. ஒரு பக்கத்துக்கு அரை நாள் ஆகும். எழுத்தெல்லாம் ஆடும். இறையியல் கல்லூரில என்கூடத் தங்கியிருந்தவன் வாசிச்சுக் காட்டி என்னைப் பாஸ் பண்ண வெச்சான். கல்யாணத்துக்கு மறுநாளே இவகிட்டச் சொல்லிட்டேன். அதுல இருந்து இவதான் எனக்குக் கண்ணு. பிரசங்கத்துக்கு இவ வாசிப்பா, நான் கேட்டுக்குவேன்."

தாளில் இருப்பது தாளோடு போய்விடும் என்று அவர் சொன்னபோதெல்லாம் தலையாட்டியிருக்கிறேன்.

"சின்னவ வாசிக்கும்போதெல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவ என்னை மாதிரி இல்லைன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஸ்தோத்திரம் சொல்லிட்டு இருந்தேன் டீச்சர்."

இவரைப் பற்றிப் பல தடவை உள்ளுக்குள் கேலி பேசியிருக்கிறேன். அதில் ஒன்றையும் அப்போது நினைத்துப் பார்க்க முடியவில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்டார். சின்னவளை அனுப்ப வேண்டாம், இங்கேயே வைத்து மெதுவாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றேன். "அப்ப பெரியவளும் இருந்துடட்டும். ரெண்டு பேரும் ஒண்ணாவே இருக்கட்டும்" என்றார் உடனே.

பெரியவள் போக வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். அவள் பக்கத்தில் இருக்கும்வரை சின்னவள் வாசிக்கமாட்டாள், வாசிக்கத் தேவை வராது என்றேன். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் யாரிடம் என்ன சொல்கிறேன் என்று உறைத்தது. அவர் கோபப்படவில்லை. "ஆமா. எனக்குக் கடைசி வரைக்கும் ஆள் இருந்துட்டே இருந்துச்சு" என்றார்.

ஏப்ரல் 18, சனி

பெரியவளிடம் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"உங்கள நம்பினேன்."

"உன் நல்லதுக்கும்தான்…"

"நீங்கதான் என்னை அனுப்பச் சொன்னீங்களாமே. அப்பா என்னை இருக்கச் சொன்னாராமே."

ஆமாம் என்றேன். போய்விட்டாள். அவள் நாற்காலியை இழுத்து மூலையில் போட்டேன், பிறகு மறுபடி அதன் இடத்திலேயே வைத்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை. என்னமோ பண்ணுது. நான் செஞ்சது சரிதானா? சரிதான். சரியா இருந்தா ஏன் இப்படி இருக்கு?

ஏப்ரல் 20, திங்கள்

சின்னவள் ஐந்து சொல் உள்ள ஒரு வரியை வாசித்தாள். நடுவில் ஒரு தடவை, கோபத்தில் வகுப்புக்கு வராத பெரியவளின் காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள்.

மே 14, வியாழன்

விடுதிப் பள்ளி முதல்வர் வந்தார். கட்டம்போட்ட புடவை, பெரிய கைப்பை, சிரிப்பு குறைவு. பெரியவள் எல்லாவற்றிலும் நன்றாகச் செய்தாள். வேண்டுமென்றே தோற்றுவிடுவாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அப்படிச் செய்யத் தெரியாத பிள்ளை அவள்.

"சின்னவ எங்க? விண்ணப்பத்துல ரெண்டு பேருன்னு இருக்கே" என்றார் முதல்வர். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐயா முந்திக்கொண்டார். "அவளுக்கு இன்னும் வாசிக்க வரலை. எனக்கும் வராது. இப்பதான் ரெண்டு பேரும் கத்துக்கப் போறோம்" என்றார். முதல்வர் கையிலிருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜையைத் தேடினார். அம்மா வாங்கிக்கொண்டு உள்ளே போனார், வெகு நேரம் வரவில்லை.

ஜூன் 9, செவ்வாய்

சாயங்காலம் அப்பாவும் மகளும் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு வரி. "அப்பா, அது கொம்பு இல்ல, கால்." "இருடி, வரேன். அவசரப்படுத்தாதே." அம்மா காய் நறுக்கியபடி, "ரெண்டு பேரும் முடிக்கிறதுக்குள்ள எனக்கு அறுபதாங் கல்யாணமே வந்துடும்" என்றார். பழைய ஆள் திரும்பிவிட்டார். கேள்விக்குறி நடுவே போய் நின்று யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டாள்.

பெரியவள் அடுத்த அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 21, ஞாயிறு

தம்பிக்குப் போன் செய்தேன். இன்னும் ஒரு வருடம் இருக்கிறேன் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டதைச் சொன்னேன். "என்னக்கா, அங்கயே சன்னியாசம் வாங்கிட்டியா?" என்றான். மாடி அறையில் இப்போதைக்கு அரிசி மூட்டை வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஏற்கெனவே வைத்திருக்கிறார்களாம்.

பிள்ளைகள் மேல் பாசம் இல்லை என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். இப்போதும் பாசம் என்று சொல்லமாட்டேன். பாதி வரியில் விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

பெரியவள் கிளம்பினாள். வீட்டு வாசலில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், கேள்விக்குறியிடம்கூட. என்னிடம் மட்டும் தலையை ஆட்டினாள். தங்கையைக் கட்டிப் பிடித்துக் காதில் என்னவோ நீளமாகச் சொன்னாள். கார் போன பிறகு சின்னவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஜூலை 8, புதன்

சின்னவள் வாசிக்க மறுக்கிறாள். மூன்று நாளாகப் புத்தகத்தைத் திறக்கவில்லை. கீபோர்டையும் தொடவில்லை. நான் கணக்குப் போட வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 17, வெள்ளி

திறந்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

விடுதியில் ஞாயிறு மதியம் மட்டும் போன் உண்டு. பெரியவள் அப்பா அம்மாவிடம் பேசுவாள், தங்கையிடம் வெகு நேரம் பேசுவாள். என்னை விசாரித்ததாக ஒருவரும் சொல்லவில்லை. பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

மதியம் வகுப்பறையில் சின்னவள் ஒரு புதுக் கதையை வாசித்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டாத கதை. ஞாயிற்றுக்கிழமை எதற்கு என்றேன், நேற்று விட்ட இடத்தில் என்ன ஆனது என்று தெரிய வேண்டுமாம். அம்மா போனோடு வந்தார். "அக்கா பேசுறா, வா."

சின்னவள் தலையைத் தூக்கவில்லை. விரல் வரிமேல் இருந்தது. "இருக்கச் சொல்லுங்க. இந்த வரிய முடிச்சிட்டு வரேன்."

அம்மா என்னைப் பார்த்தார். அடுப்பில் பால் இருக்கிறது என்று போனை என் கையில் திணித்துவிட்டுப் போனார். காதில் வைத்தேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது. தங்கை சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும்.

"ஆற்றைக்... கடக்க... முடியாமல்..." என்று சின்னவள் வாசித்தாள். அடுத்த சொல்லில் நின்றாள். முதல் எழுத்தைச் சொன்னாள், விட்டாள். மறுபடி சொன்னாள். "ப... பட..."

"படகு..." என்று போனுக்குள் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எழுந்து, சட்டென்று நின்றுவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டிருக்க வேண்டும்.

நான் காத்திருந்தேன். அந்தப் பக்கம் அவளும் காத்திருந்தாள். வெளியே தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சின்னவள் புள்ளியைத் தாண்டினாள், காலைத் தாண்டினாள். "படகு... படகுக்கா... படகுக்காரர்!" என்றாள். அடுத்த சொல்லுக்குப் போகாமல் அதையே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டாள்.

"டீச்சர்" என்றாள் பெரியவள். ஏப்ரலுக்குப் பிறகு என்னிடம் அவள் பேசும் முதல் வார்த்தை. குரல் உடைந்திருந்தது.

"சொல்லும்மா."

"அவள கூப்பிடாதீங்க. அடுத்த வரியும் வாசிக்கட்டும். நான் இருக்கேன்."